நியூ மயில் பேக்கரி கை தூக்கினார்

தாயி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? கல்லிடைக்குறிச்சியில பஸ் ஏறினதுல இருந்து அந்தப் போனைப் பாத்து "ஓகே சார், ஓகே சார்"ன்னு பேசிக்கிட்டே வாரே. அங்க இருக்கிற சாருக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. மைக் மேல சிவப்பா ஒரு கோடு கிடக்கு பாரு. கீழ, கீழ. ஆங், அதேதான். அமுக்கு. இப்ப பேசு.

முடிச்சிட்டியா? நல்லதாப் போச்சு. இந்தக் கிழவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னுதானே பாக்கே? எனக்குத் தெரியாத பொத்தான் கிடையாது. அந்தச் சிவப்புக் கோட்டால என் வீட்டுல என்ன கூத்து நடந்துதுன்னு கேளு. திருநெல்வேலி போற வரைக்கும் உனக்கும் பொழுது போகணும்லா.

என் பேரு ஆவுடையம்மாள். எங்க ஊரு கிளை நூலகத்துல உதவியாளரா இருக்கேன். நூலகர் மாத்தலாகிப் போயி ரொம்ப நாளாச்சு, வேற ஆளு போடல. அதனால கதவைத் திறக்கிறதும் நான், பூட்டுறதும் நான், பேப்பரை விரிச்சு வைக்கிறதும் நான், பேப்பருக்குள்ள தலையை விட்டுத் தூங்குறவனை எழுப்புறதும் நான். இதுல போன வருஷம் ஒரு உத்தரவு வந்தது. வாரா வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் ஆன்லைன்ல வாசகர் வட்டம் நடத்தணுமாம். ஒரு மணி நேரம் குறையப்பிடாதாம். நடத்தினதுக்கு அத்தாட்சியா ஸ்கிரீனைப் படம் பிடிச்சு அனுப்பணுமாம்.

அதுக்குத் திருநெல்வேலியில ஒரு நாள் பயிற்சி வச்சாங்க. சொல்லிக்கொடுத்தவன் மூச்சு விடாம பேசுதான். எனக்கு ஒண்ணும் ஏறல. கடைசியில அவன் சொன்னான், "மேடம், நீங்கதான் ஹோஸ்ட். எல்லாம் உங்க கண்ட்ரோல்." பொறந்ததுல இருந்து ஒருத்தரும் என்னைப் பாத்து எல்லாம் உங்க கண்ட்ரோல்னு சொன்னதில்ல தாயி. மத்தது பூரா மறந்துட்டு, அது மட்டும் மனசுல நின்னுக்கிட்டது.

முதல் கூட்டத்துக்கு நல்ல கூட்டம். நூலகத்துக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து நான் ஒரு நாவலை வாசிக்க ஆரம்பிச்சேன். பரிசல் ஓட்டுற பொம்பளையோட கதை, தடிச்ச புத்தகம். ரெண்டு பக்கம் போகல, ஒரு வீட்டுல குக்கர் விசிலடிக்கி. இன்னொரு வீட்டுல மாமியாளும் மருமவளும் மல்லுக்கு நிக்காளுவ. ரிட்டயர்டு தாசில்தார் ஒருத்தர், மைக் திறந்து கிடக்கிறது தெரியாம, "இந்தம்மா எப்பளா முடிக்கும்?"னு பொண்டாட்டிகிட்ட கேக்காரு. எனக்குச் சுருக்குன்னு வந்துட்டு. நூலகம்னா முதல் சட்டம் என்ன? அமைதி காக்கணும். சுவத்துல போர்டே தொங்குது. அடுத்த வாரத்துக்குள்ள அந்தக் கம்ப்யூட்டரை நோண்டி நோண்டி ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சேன். வந்திருக்கிறவங்க அவங்களா மைக்கைத் திறக்கலாமான்னு ஒரு டிக் இருக்கு. அதை எடுத்துவிட்டேன். அம்மாடி, என்ன அமைதிங்கே! கோயில் கர்ப்பகிரகம் கெட்டுது போ.

அந்த டிக்கை அப்புறம் நான் தொடவே இல்ல.

ஆனா நம்ம சனங்களுக்கு ரசனை கிடையாது பாத்துக்கோ. வாரா வாரம் ஆள் குறைஞ்சுக்கிட்டே வந்தது. தாசில்தாரும் நின்னுட்டாரு. கடைசியில ஒரே ஒரு ஆளு. முகம் தெரியாது, கருப்புக் கட்டம்தான். அதுல "நியூ மயில் பேக்கரி"ன்னு எழுதியிருக்கும். அஞ்சரைக்கு நான் திறந்ததும் டக்குனு வந்து நிக்கும். முடிக்கிற வரைக்கும் போகாது. பாதி வாசிப்புல அந்தக் கட்டத்துல மஞ்சளா ஒரு கை எழும்பும், உள்ளங்கையைக் காட்டிக்கிட்டு. சாமி படத்துல அபயக் கை இருக்குமே, அது கணக்கா. நல்லா வாசிக்கே தாயேன்னு வாழ்த்துதாரு போலன்னு நினைச்சேன். நானும் புத்தகத்தைக் கீழ வச்சிட்டு ஒரு கும்பிடு போடுவேன்.

என்ன, ஏதோ கேக்க வாரே? இரு, அதுக்குத்தான் வாரேன்.

நான் கொஞ்சம் வேகமா வாசிக்கிற ஆளு. அரை மணியில தொண்டை வறண்டுரும். மீதி நேரத்தை என்ன செய்ய? மணி குறையப்பிடாதே. அதனால பேக்கரி அண்ணாச்சிகிட்ட பொதுவா நாலு வார்த்தை பேசுவேன். மழையைப் பத்தி, கரண்டைப் பத்தி. அப்படியே எங்க வீட்டுக்காரவுகளைப் பத்தியும் வந்துரும்.

அவுகளைப் பத்திச் சொல்லணும்லா. பேரைச் சொல்லிடுதேன், இப்பத்தான் சொல்லிப் பழகுதேன். பிரமநாயகம். கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டயர்டானவுக. நாங்க ரெண்டு பேரும் பேசி பல மாசம் ஆகியிருந்தது. என்ன காரணம்னா ஒரு மொபெட். துருப்பிடிச்ச வண்டி. தள்ளிக்கிட்டு ஓடினாத்தான் கிளம்பும். வாசல் பூரா எண்ணெயை ஒழுகவிட்டு, நான் போடுற கோலம் ஒண்ணுகூட நிக்காது. அவுக தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த சமயம் பழைய இரும்புக்காரன் வந்தான். தூக்கிட்டுப் போடான்னுட்டேன். ரெண்டு பிளாஸ்டிக் வாளி கொடுத்தான், நல்ல கெட்டி வாளி. இதுல என் மேல என்ன தப்பு, நீயே சொல்லு? சொல்லாம கொடுத்துட்டேனாம். முன்னாடியே சொன்னேன். அவுக தூங்கிக்கிட்டிருந்தாவ, அதுக்கு நான் என்ன செய்ய?

அதோட பேச்சு நின்னுட்டு. சோறு வைப்பேன், சாப்பிடுவாவ. ஆனா வாய் திறக்க மாட்டாவ. அது போதாதுன்னு வேணும்னே என்னைய எரிச்சல் படுத்துறது. ஈரத் துண்டைக் கொடியில போடாம கொடிக்குக் கீழ தரையில போடுவாவ. என் காப்பியில சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டு வைப்பாவ. என் செருப்பை மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போயிட்டு வருவாவ. டம்ளரை வைக்கப் போயி மேஜைக்கு வெளிய வைப்பாவ. காலையில பேப்பரை எழுத்து விடாம வாசிக்கிற மனுஷன், அதைத் தொடுறதே கிடையாது. நூலகத்துல வேலை பாக்கிறவ வீட்டுல பேப்பர் மடிச்ச மடிப்பு கலையாம கிடந்தா அது யாரைக் குத்துறதுக்குன்னு எனக்குத் தெரியாதா?

எல்லாத்தையும்விட பஜார்ல நடந்ததுதான் மோசம். ஆவணி மாசம், காய்கறிக் கடை முன்னால எதிர்க்க வாராவ. நான் பச்சைச் சீலை கட்டி, பளிச்சுன்னு நிக்கேன். என் தோளை உரசின மாதிரி போறாவ, யாரோ எவரோங்கிற மாதிரி! காய்க்காரி சிரிச்சிட்டா. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல.

இதையெல்லாம் யார்கிட்ட சொல்ல? மவ செண்பகம் கோயம்புத்தூர்ல இருக்கா. போன் பண்ணினா "சும்மா இரும்மா"ம்பா. அதனால பேக்கரி அண்ணாச்சிகிட்டதான் கொட்டுவேன். "அண்ணாச்சி, நீங்க எப்படிக் காது கொடுத்துக் கேக்கீய! உங்களை மாதிரி ஒரு ஆளு எனக்கு வாய்ச்சிருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்?"னு ஒரு நாள் சொல்லிட்டேன். அன்னைக்குப் பாத்து அந்த மஞ்சக் கை விடாம எழும்பி எழும்பி இறங்குது. சந்தோஷப்படுதாரு போல.

அவருக்கு நேர்ல நன்றி சொல்லணும்னு ஊரெல்லாம் விசாரிச்சேன். எங்க ஊர்ல மயில் பேக்கரியும் இல்ல, குயில் பேக்கரியும் இல்ல. வெளியூர்க்காரர் போல, நம்ம வாசிப்புக்கு அவ்வளவு தூரம் பேரு பரவியிருக்குன்னு இன்னும் பெருமையாப் போச்சு.

வீட்டுல பாத்தா ஒரு அதிசயம். துண்டு கொடிக்கு ஏறிட்டு. என் செருப்பு வாசல்ல தனியா கிழக்குப் பக்கம் நிக்குது. உப்பு டப்பாவுல ஒரு ரப்பர் பேண்டு மாட்டியிருக்கு. மத்ததெல்லாம் சரி, இந்த ரப்பர் பேண்டைப் பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. என்ன குசும்பு பாத்தியா? எனக்கு உப்புத் தெரியாதா, சீனி தெரியாதா? கழட்டி ஜன்னல் வழியா எறிஞ்சேன். மறுநாள் இன்னொண்ணு மாட்டியிருக்கு. அதையும் எறிஞ்சேன்.

இப்படியே கார்த்திகை வந்துட்டு. மாவட்டத்துல ஜெஸிந்தா மேடம்னு எங்க அதிகாரி. ஒரு வாரம்கூட விடாம கூட்டம் நடத்தினது என் கிளை மட்டும்தானாம். "அந்தம்மா எப்படி நடத்துறாங்கன்னு எல்லாரும் பாருங்க"ன்னு மத்த கிளைக்கெல்லாம் லிங்கை அனுப்பி, அவுகளும் வந்துட்டாக. ஸ்கிரீன் நிறையக் கட்டம். நான் பட்டுச்சீலை கட்டி, பூ வச்சு உக்காந்திருக்கேன். ஓரத்துல நம்ம பேக்கரி அண்ணாச்சியும் இருக்காரு. வந்ததும் கையைத் தூக்கிட்டாரு. நான் கும்பிட்டேன்.

வாசிக்கேன், வாசிக்கேன். மேடம் முகம் என்னவோ போல ஆகுது. வாயை அசைக்காங்க, சத்தம் வரல. கையை ஆட்டுதாங்க. ரசிச்சுக் கேக்காங்கன்னு நான் இன்னும் குரலை ஏத்தினேன். கடைசியில என் போன் அடிக்கி. மேடம்தான்.

"ஏம்மா, எல்லாரோட மைக்கையும் பூட்டி வச்சிருக்கீங்களா?"

"ஆமா மேடம். அமைதிக்கு."

"வாசகர் வட்டம்னா வாசகர் பேசணும்மா! அந்த பேக்கரிக்காரர் எவ்வளவு நேரமாக் கை தூக்கிக்கிட்டு இருக்கார், பாக்கலையா?"

"வாழ்த்துதாரு மேடம்."

"வாழ்த்தலம்மா! பேச அனுமதி கேக்குறார். கை தூக்கினா அதுக்கு அதுதான் அர்த்தம்."

இத்தனை மாசமா அந்த மனுஷன் பேச விடு, பேச விடுன்னு கேட்டிருக்காரு, நான் கும்பிடு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். டிக்கைத் திரும்பப் போட்டேன். மேடம் சிரிச்ச முகமா, "பேக்கரி சார், இப்ப பேசுங்க. சிவப்பா இருக்கிறதை அமுக்குங்க"ன்னாங்க.

கொஞ்ச நேரம் கரகரன்னு சத்தம். அப்புறம் ஒரு கடிகாரம் அடிச்சது. ஆறு மணிக்கு ஏழு தடவை அடிச்சது. உலகத்துலயே ஆறு மணிக்கு ஏழு அடிக்கிற கடிகாரம் எங்க வீட்டுலதான் இருக்கு தாயி.

"ஏளா ஆவுடை"ன்னு ஒரு குரல். "நான்தான். அடுப்புல பால் இருக்கு, சுருக்கா சொல்லிடுதேன். எனக்குக் கண்ணு..."

மாவட்டமே உக்காந்து கேக்கு. ஜெஸிந்தா மேடம் கண்ணை விரிச்சுப் பாக்காங்க. துண்டு, செருப்பு, உப்பு, "உங்களை மாதிரி ஒரு ஆளு வாய்ச்சிருந்தா" எல்லாம் ஒரே நேரத்துல என் தலையில விழுது. முதல்ல அந்த மைக்கை மூடணும்னு மவுஸைப் பிடிச்சு அமுக்கினேன். அமுக்கினது மைக்கை இல்ல. ஆளையே வெளிய தள்ளுற பொத்தானை. கட்டம் காணாமப் போயிட்டு.

"ஏம்மா அவரை வெளிய அனுப்பினீங்க?"ன்னு மேடம் கேக்காங்க.

"அது... எங்க வீட்டுக்காரவுக மேடம்"னேன். மாவட்டத்துல இருக்கிற அத்தனை பேரு மைக்கும் திறந்துதான் கிடந்தது. ஒரு கட்டத்துல இருந்தும் சத்தம் வரல.

நான் நூலகத்தைப் பூட்டிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன்னா ஓடினேன், பட்டுச்சீலையோட. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு கிடக்கு. அவுக நாற்காலியில உக்காந்து, போனை மூக்குல ஒட்டுற மாதிரி வச்சுக்கிட்டு, மறுபடி உள்ள வர எதை அமுக்கன்னு தடவிக்கிட்டு இருக்காவ.

"என்னைய ஏன் தள்ளினே?"

"கை தவறிட்டுங்க."

அதுக்கு மேல அவுக பேசல. நான் பேசியிருப்பேன். பேசறதுக்கு எம்புட்டோ இருந்தது. ஆனா அன்னைக்கு என்னவோ, சும்மா நின்னேன். சும்மா நிக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா தாயி? அந்தப் பாழாப்போன கடிகாரம் டிக்கு டிக்குன்னு உயிரை வாங்குது. நான் நின்னுக்கிட்டே இருந்தேன்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலளா"ன்னாவ. "ஆடியில இருந்தே. எல்லாம் புகைக்குள்ள பாக்கிற மாதிரி இருக்கு. கொடி எங்க இருக்குன்னு தட்டுப்படல. உப்பு எது சீனி எதுன்னு தெரியல, அதான் ரப்பர் பேண்டு மாட்டினேன், நீ கழட்டிக் கழட்டிப் போட்டுருதே. பஜார்ல சத்தியமா நான் உன்னைய பாக்கல. பச்சையா என்னவோ போச்சு, வாழைத்தார்னு நினைச்சேன்."

டியூப்லைட்டுக்குக் கீழ அவுக முகத்தைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தேன். கருமணி மேல பாலாடை படிஞ்ச மாதிரி வெள்ளையா இருக்கு. பல மாசம் எதிர்க்க உக்கார வச்சுச் சோறு போட்டிருக்கேன். அந்த முகத்தை நான் ஏறிட்டே பாக்கல.

"பாவி மனுஷா, இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீதான் பேச மாட்டேன்னு இருந்தியே."

"நானா? நீங்கல்லா பேசாம இருந்தீய?"

"நீ பேசலையேன்னுதான் நான் பேசல. அப்புறம் மவ அனுப்பின போன்ல உன் குரல் கேட்டுது. நீ வாட்ஸ்அப்ல ஊர்க் குரூப்புக்கு அனுப்புறியே, அந்த நீல எழுத்து, அதைத் தொட்டா நீ வாரே. பேப்பரும் வாசிக்க முடியல, டிவியும் தெரியல. கதை கேக்கலாம்லான்னு வந்தேன். சரி, அங்கயாச்சும் சொல்லிருவோம்னு பாத்தா, எதை அமுக்கினாலும் ஒரு கைதான் வருது."

மவளும் மருமவனும் பழைய போன் கடையில வாங்கி அனுப்பின போன் அது. முன்னால வச்சிருந்தவன் பேக்கரிக்காரன் போல, பேரு அதுலயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு.

அப்புறம் அவுக தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அந்தப் பேக்கரிக்காரனைப் பத்தி நீ சொன்னதெல்லாம் நிசமாளா?"ன்னு கேட்டாவ. நான் அடுப்பைத் துடைக்கப் போயிட்டேன்.

திருநெல்வேலியில கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். புரை நல்லா முத்திட்டு, இன்னும் தள்ளிப் போட்டிருந்தா சிரமம்னு டாக்டர் என்னைய ஏசினாரு. ஒரு கண்ணுல ஆபரேஷன், அப்புறம் மறு கண்ணுல. கட்டை அவுத்ததும் முதல்ல என்னையத்தான் பாத்தாவ. கண்ணுல தண்ணி வடியுது. "ஏளா, உனக்கு எப்ப இம்புட்டு நரைச்சது?"ன்னாவ. நர்ஸ் பிள்ளை சிரிச்சிட்டு. வீட்டுக்கு வந்து நிமிர்ந்து பாத்து, "இவ்வளவு ஒட்டடையா?"ன்னாவ. அவுகளுக்குக் கண்ணு தெரியாம இருந்தப்ப நான் எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கேன்னு அப்பத்தான் தெரிஞ்சது.

அந்தா, டிரைவருக்குப் பின்னால ஜன்னலோரம், கருப்புக் கண்ணாடி. அவுகதான். இன்னைக்குக் கடைசிச் சோதனை. மொபெட்டை மட்டும் இன்னும் மன்னிக்கல. அந்த வாளியில ஒரு நாள்கூடக் குளிக்க மாட்டேங்காவ.

கூட்டமா? இப்ப நல்ல கூட்டம்! அந்த டிக்கை நான் எடுக்கிறதே இல்ல. குக்கர் விசிலடிக்கட்டும், மருமவ கத்தட்டும். தாசில்தாரும் திரும்ப வந்துட்டாரு. எல்லாரும் இவுகளைப் பேக்கரி அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதாங்க. பேரை மாத்திருவோம்னா இவுக விட மாட்டேங்காவ. யாரையும் பேசவிடாம நானே பேசுற பழக்கமும் எனக்கு இப்ப சுத்தமா விட்டுப்போச்சு... இரு தாயி, என்னவோ சொல்ல வாரே, முடிச்சிக்கிடுதேன். கொஞ்சம்தான் இருக்கு.

போன வியாழக்கிழமை புத்தகத்தை வீட்டுலயே மறந்து வச்சிட்டு நூலகத்துக்கு வந்துட்டேன். எல்லாரும் உள்ள வந்துட்டாங்க. கையைப் பிசையுதேன். அப்ப இவுக மைக்கைத் திறந்து, "ஏளா, புத்தகம் இங்கனதான் கட்டில்ல கிடக்கு. நான் வாசிக்கேன்"னாவ.

வாசிச்சாவ. வாசிக்கிற கண்ணாடி இன்னும் வாங்கலல்லா, எழுத்துக் கூட்டிக் கூட்டி. பரிசல்னு வரதை "பரிசு, பரிசு"ங்காவ. ஒரு வரியை ரெண்டு தடவை வாசிச்சிட்டு அடுத்த வரியை விட்டுட்டுப் போறாவ. எனக்கு உடம்பெல்லாம் அரிக்கி. திருத்தலேன்னா உயிர் போயிரும் போல இருக்கு. மவுஸ்ல கை வச்சேன். வச்சு, என் மைக்கை நானே மூடிட்டேன். மூடிட்டு, ஆளில்லாத நூலகத்துல அலமாரியைப் பாத்து, "பரிசல்! ஒரு வரி விட்டுப் போச்சு! நிறுத்தி வாசிங்க!"ன்னு கத்திக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் அவுக காதுல விழல. அவுக பாட்டுக்கு வாசிச்சாவ. எல்லாரும் சத்தமில்லாம கேட்டாங்க, தாசில்தார்கூட.

பக்கம் முடிஞ்சதும் நிறுத்தி, "ஏளா ஆவுடை, இருக்கியா?"ன்னாவ.

மைக்கைத் திறந்து, "இருக்கேன், அடுத்த பக்கத்தைத் திருப்புங்க"ன்னேன்.